டெலோஸ்: பேரம் பேசிய தீவு

கேள்வி இது: "கிரேக்கப் புராணத்தில் டெலோஸ் தீவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கிரீட்டில் மினோட்டார் கதை இருக்கிறது, இத்தாக்காவுக்கு ஒடிசியஸ் இருக்கிறான். டெலோஸில் அப்பல்லோ பிறந்தான் என்ற ஒரு வரியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஆர்ட்டெமிஸும் அங்கேதான் பிறந்தாளா?"

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்கலாம். மற்ற தீவுகளுக்குத் தெய்வங்களும் வீரர்களும் வருவார்கள், ஏதாவது நடக்கும், கிளம்பிப் போவார்கள். தீவு சும்மா கிடக்கும். டெலோஸின் கதையில் தீவுதான் முக்கியப் பாத்திரம். அது வாய் திறந்து பேசுகிறது, பயப்படுகிறது, நிபந்தனை போடுகிறது, சத்தியம் வாங்கிக்கொள்கிறது. பிறகு அந்தத் தீவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த பல விஷயங்கள் அந்தச் சத்தியத்தை ஒட்டியே நடந்தன. கிரேக்கப் புராணங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜியன் கடலின் நடுவே, மிக்கோனோஸ் தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது டெலோஸ். நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், பரப்பளவு மூன்றரை சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவில் கிந்தோஸ் என்று ஒரு குன்று, உயரம் 112 மீட்டர். எங்கு பார்த்தாலும் பாறை. உருப்படியான ஆறு கிடையாது, விளைநிலம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் சுற்றியுள்ள தீவுக்கூட்டத்துக்கே 'சைக்ளடீஸ்' என்று பெயர். 'வட்டமாக நிற்பவை' என்று பொருள். எதைச் சுற்றி வட்டம்? இந்தப் பாறையைச் சுற்றித்தான்.

சரி, கதைக்கு வருவோம். லெட்டோ என்ற தெய்வப்பெண் தேவர்களின் அரசன் ஜீயஸால் கருவுற்றிருக்கிறாள். ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு அடங்காத ஆத்திரம். பேறுகாலம் நெருங்கிவிட்டது. பிள்ளை பெற ஓர் இடம் தேடி லெட்டோ அலைகிறாள். ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களில் அப்பல்லோ மீதான நீண்ட பாடல் ஒன்று உண்டு. கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவள் ஏறி இறங்கிய இடங்களை எல்லாம் அது வரிசையாகச் சொல்கிறது: கிரீட், ஏதென்ஸ், ஏஜினா, லெம்னோஸ், லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ், மிலேட்டஸ், கோஸ், நக்சோஸ், பாரோஸ் என்று நீள்கிறது பட்டியல். எல்லாம் ஊரும் மண்ணும் செழித்த இடங்கள். எவ்வளவு வளமான நிலமாக இருந்தாலும், அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் தைரியம் ஒன்றுக்கும் வரவில்லை என்கிறது பாடல். கவனியுங்கள், இங்கே அவர்கள் நடுங்குவதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஹீராவின் கோபம் மட்டும் அல்ல. பிறக்கப்போகும் அப்பல்லோவே பயம் தருகிறான்.

கடைசியில் லெட்டோ டெலோஸிடம் வருகிறாள். அவள் பேச்சில் கெஞ்சல் இல்லை, முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். உன்னிடம் மாடு பெருகாது, ஆடு பெருகாது, திராட்சை விளையாது, மரம் செடி தழைக்காது. உன்னை வேறு யாரும் சீண்டக்கூட மாட்டார்கள். ஆனால் என் மகனுக்கு நீ இடம் கொடுத்து, இங்கே அவனுக்குக் கோயில் எழுந்தால், உலகத்து மக்கள் எல்லாரும் பலி கொண்டு வருவார்கள், கொழுப்பு எரியும் புகை உன் மேல் ஓயாமல் எழும், ஊரார் கையிலிருந்து உன் மக்களுக்குச் சாப்பாடு வரும், உன் மண்ணில்தான் சத்து இல்லையே என்கிறாள்.

தீவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. எனக்கு ஒரு பயம் இருக்கிறது என்கிறது. பிறக்கப்போகிறவன் மகா அடங்காதவனாக இருப்பான், தேவர்களையும் மனிதர்களையும் அடக்கி ஆள்வான் என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் கண் திறந்து முதன்முதலாக வெயிலைப் பார்த்ததும், 'இந்தக் கரட்டுப் பாறையிலா பிறந்தேன்' என்று என்னை வெறுத்து, காலால் ஓர் உதை விட்டுக் கடலுக்குள் தள்ளிவிட்டால்? அவன் வேறு நல்ல ஊர் பார்த்துப் போய்விடுவான். என் தலைக்கு மேல் அலை புரண்டுகொண்டே இருக்கும். என் மேல் ஆக்டோபஸ்கள் பொந்து வைக்கும், கருநிறக் கடல்நாய்கள் குடியிருக்கும். அதனால் ஒரு சத்தியம் செய்து கொடு. வேறு எங்கும் போவதற்கு முன்னால், அவன் தன் முதல் கோயிலை இங்கேதான் கட்ட வேண்டும்.

ஆக்டோபஸும் கடல்நாயும் வருகிற அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் இளகிவிடும். மூழ்கிப்போவதை எந்தக் கவிஞரும் 'அழிவு', 'இருள்' என்று பெரிய சொற்களில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்தக் கவிஞர் தீவின் கண்ணால் பார்க்கிறார். தீவுக்குத் தெரிந்த உலகம் கடலும் அதில் வாழும் பிராணிகளும்தான். அதன் பயமும் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. ஏழை தன்னிடம் வரும் பெரிய வாய்ப்பைக் கண்டு முதலில் பயப்படுவானே, அதே பயம் இது.

லெட்டோ மண்ணின் மீதும் வானத்தின் மீதும் ஸ்டிக்ஸ் நதியின் நீர் மீதும் ஆணையிடுகிறாள். தேவர்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. அப்புறம்தான் தீவு சம்மதிக்கிறது.

ஒன்பது பகல், ஒன்பது இரவு இடுப்பு வலி. ரியா, தெமிஸ், ஆம்ஃபிட்ரிட்டி என்று பெரிய பெரிய தெய்வப்பெண்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்கிறார்கள். ஹீரா வரவில்லை. பிரசவத்துக்கு உரிய தெய்வமான எய்லீதியாவுக்கு விஷயமே தெரியாது. ஹீரா அவளை ஒலிம்பஸ் மலை உச்சியில் பொன்மேகங்களுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறாள். கடைசியில் ஐரிஸைத் தூது அனுப்புகிறார்கள். வந்தால் பொன் இழையில் கோத்த, ஒன்பது முழ நீளமுள்ள கழுத்தணி ஒன்று தருவோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஹீராவின் காதில் விழாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல் என்று எச்சரிக்கையும் செய்கிறார்கள். எய்லீதியா தீவில் கால் வைத்ததுதான் தாமதம், லெட்டோ ஒரு பேரீச்ச மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, புல்தரையில் மண்டியிடுகிறாள். கீழே மண் சிரித்தது என்கிறது பாடல். பிள்ளை வெளிச்சத்துக்குத் துள்ளி வருகிறது.

தாய் பால் கொடுக்கவில்லை. தெமிஸ் தேவாமிர்தம் ஊட்டுகிறாள். அதை விழுங்கியதும் குழந்தையைச் சுற்றிக் கட்டிய துணியும் பொன்கயிறும் தாமாகவே அவிழ்ந்து விழுகின்றன. யாழும் வில்லும் என்னுடையவை, ஜீயஸின் மனத்தில் உள்ளதை மனிதர்களுக்கு நான் சொல்வேன் என்று அறிவித்துவிட்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறான் அப்பல்லோ. அவனைப் பார்த்துத் தீவு முழுவதும் பொன்னாகப் பூக்கிறது. காலால் உதைப்பான் என்று பயந்த தீவு அல்லவா?

அப்பல்லோவின் உடன்பிறந்தவளான வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் பழைய நூல்களே ஒத்துப்போகவில்லை. இந்தத் துதிப்பாடலில் ஆர்ட்டெமிஸ் ஓர்டீஜியாவிலும் அப்பல்லோ டெலோஸிலும் பிறக்கிறார்கள். ஓர்டீஜியா என்றால் காடைத் தீவு. அது எந்த இடம் என்பதில் பல ஊர்கள் உரிமை கொண்டாடின, டெலோஸின் பழைய பெயரே அதுதான் என்றும் ஒரு வழக்கு உண்டு. அப்பல்லோடோரஸின் பெயரில் உள்ள புராணத் தொகுப்பில் ஆர்ட்டெமிஸ் முதலில் பிறந்து, உடனே தம்பிக்கு மருத்துவச்சியாக நின்று அவனைப் பிறக்கச் செய்கிறாள். அவளுக்குக் 'கிந்தியா' என்று ஒரு பெயர் வந்தது கிந்தோஸ் குன்றை வைத்துத்தான்.

மிதக்கும் தீவு என்ற செய்தியை நீங்கள் வேறு எங்காவது படித்திருக்கலாம். அது இந்தப் பாடலில் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டார், காற்றும் அலையும் அடித்த பக்கமெல்லாம் அலைந்துகொண்டிருந்த டெலோஸ், லெட்டோ கால் வைத்ததும் கடலடியிலிருந்து எழுந்த நான்கு தூண்களின் மேல் நிலைத்து நின்றது என்று பாடுகிறார். அதை முழுக் கதையாக விரித்தவர் அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அலெக்சாந்திரியாவில் இருந்த காலிமாக்கஸ். அவர் சொல்லும் கதையில் இந்தத் தீவு ஒரு காலத்தில் ஒரு பெண். பெயர் ஆஸ்டீரியா. ஜீயஸ் அவளை அடைய வந்தபோது தப்பித்து, வானத்திலிருந்து எரிநட்சத்திரம் போலக் கடலில் குதித்துவிட்டாள். குதித்தவள் வேரில்லாத தீவாகி அலைந்தாள். மாலுமிகள் போகும்போது ஓரிடத்தில் பார்ப்பார்கள், திரும்பி வரும்போது அங்கே இருக்காது.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. மலையும் நதியும் நகரமும் ஹீராவுக்குப் பயந்து லெட்டோவைக் கண்டு ஓடுகின்றன. ஆஸ்டீரியா மட்டும் தானாக முன்வந்து, 'என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் ஹீரா' என்று லெட்டோவைக் கூப்பிடுகிறாள். ஹீராவும் கடைசியில் அவளைத் தண்டிக்காமல் விடுகிறாள். காரணம், தன் கணவனின் படுக்கைக்குப் போவதைவிடக் கடலே மேல் என்று குதித்தவள் இவள் ஒருத்திதான். ஜீயஸிடமிருந்து தப்பிய ஒரு பெண், ஜீயஸிடம் சிக்கிய இன்னொரு பெண்ணுக்குப் பிள்ளை பெற இடம் கொடுக்கிறாள். இன்னொன்றும் உண்டு. அப்பல்லோடோரஸ் தரும் வம்சாவளியில் ஆஸ்டீரியாவும் லெட்டோவும் உடன்பிறந்தவர்கள். அக்காள் தங்கை உறவைச் சேர்த்துப் பார்த்தால் கதை இன்னும் கனத்துவிடுகிறது.

நிலைத்து நின்ற பிறகுதான் அது 'டெலோஸ்' ஆனது. 'தெளிவாகத் தெரிவது' என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். கண்ணுக்குச் சிக்காமல் அலைந்தது, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் வேர்விட்டது. அதே காலிமாக்கஸ் யாழுக்கு ஏன் ஏழு நரம்பு என்பதற்கும் காரணம் சொல்கிறார். பிரசவத்தின்போது அன்னங்கள் தீவை ஏழு முறை பாடிச் சுற்றினவாம். எட்டாவது முறை பாடத் தொடங்குவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

பிறந்த கதைக்குப் பின்னும் டெலோஸ் விட்டுப்போகவில்லை. கிரீட்டின் புதிர்மாளிகையில் காளைத்தலை மனிதனான மினோட்டாரைக் கொன்றுவிட்டுத் திரும்பும் ஏதென்ஸ் வீரன் தீசியஸ், வழியில் இறங்குவது இங்கேதான். தன்னுடன் உயிர் தப்பிய இளைஞர்களோடும் கன்னிப்பெண்களோடும், உள்ளே போய்ச் சுற்றி வெளியே வருகிற புதிர்மாளிகையின் வளைவுகளைக் காட்டும் ஒரு நடனம் ஆடினான் என்கிறார் புளூட்டார்க். 'கொக்கு ஆட்டம்' என்று டெலோஸ் மக்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கொம்பு பலிபீடம் ஒன்றைச் சுற்றித்தான் அந்த ஆட்டம். ஆர்ட்டெமிஸ் வேட்டையாடிக் கொண்டுவந்த காட்டு ஆடுகளின் கொம்புகளை வைத்து, நான்கு வயது அப்பல்லோ தன் கையால் பின்னிய பீடம் அது. அக்காள் வேட்டையாடிக் கொடுக்கத் தம்பி கட்டி விளையாடியது, பிறகு உலகமே தொழும் பீடமாகிவிட்டது. கடலில் போகிற எந்த வணிகனும் இங்கே இறங்காமல் போக மாட்டான் என்று காலிமாக்கஸ் சொல்கிறார். பீடத்தைச் சுற்றி அடி வாங்கிக்கொண்டே ஓட வேண்டும், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு புனித ஆலிவ் மரத்தின் அடியைப் பல்லால் கடிக்க வேண்டும். குழந்தை அப்பல்லோவைச் சிரிக்க வைக்க ஏற்பட்ட விளையாட்டு என்று விளக்கம்.

அடுத்து அனியஸ் கதை. இவன் அப்பல்லோவின் மகன், டெலோஸின் அரசன், பூசாரியும்கூட. அவனுடைய பெண்கள் மூன்று பேர்: ஓய்னோ, ஸ்பெர்மோ, எலாயிஸ். நினைத்த மாத்திரத்தில் ஒருத்தி திராட்சை மதுவும் ஒருத்தி தானியமும் ஒருத்தி எண்ணெயும் வரவழைக்கும் வரம் பெற்றவர்கள். டிராய்க்குப் போகும் படைக்குச் சோறு போட அதன் தலைவன் அகமெம்னான் அவர்களைப் பலவந்தமாக இழுத்துப் போகப் பார்க்க, மதுவின் தெய்வமான டயோனிசஸ் அவர்களைப் புறாக்களாக மாற்றிக் காப்பாற்றினான் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். மதுவும் தானியமும் எண்ணெயும் விளையாத ஒரே காரணத்தால்தான் டெலோஸ் லெட்டோவிடம் அவ்வளவு பேசியது. இதே தீவுக்குத்தான் புராணம் இந்த மூன்று பெண்களையும் கொடுத்திருக்கிறது. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை கதை. அந்தச் சத்தியம் நிஜ உலகில் என்ன செய்தது என்பதைச் சொன்னால்தான் உங்கள் 'ஏன் இவ்வளவு மரியாதை' என்ற கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

அயோனியக் கிரேக்கர்கள் மனைவி மக்களோடு நீண்ட அங்கி இழுபட இங்கே திருவிழாவுக்குக் கூடினார்கள். குத்துச்சண்டை, ஆட்டம், பாட்டு எல்லாம் உண்டு. நக்சோஸ்காரர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் பளிங்குச் சிங்கங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சாமோஸின் சர்வாதிகாரி பாலிக்ரட்டீஸ் பக்கத்திலிருந்த ரெனியா தீவைப் பிடித்து, அதைச் சங்கிலி போட்டு டெலோஸோடு பிணைத்து அப்பல்லோவுக்குக் காணிக்கையாக்கினான். நிகியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி ஆடம்பரமான திருவிழாக் குழுவைக் கூட்டி வந்து, ஒரே இரவில் ரெனியாவிலிருந்து படகுப்பாலம் போட்டு ஊர்வலம் நடத்தினான். லெட்டோ பிடித்த மரத்தின் நினைவாக வெண்கலத்தில் ஒரு பேரீச்ச மரமும் நிறுத்தினான். பின்னாளில் அது காற்றில் சாய்ந்து நக்சோஸ்காரர்களின் பெரிய அப்பல்லோ சிலை மேல் விழுந்து அதையும் தள்ளிவிட்டது.

எல்லாவற்றிலும் கடுமையானது தீட்டு பற்றிய விதி. தெய்வம் பிறந்த மண்ணில் மனிதப் பிறப்பும் சாவும் தீட்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் சர்வாதிகாரி பைசிஸ்ட்ராடஸ் கோயிலின் கண்பார்வைக்குள் இருந்த கல்லறைகளை மட்டும் தோண்டி அப்புறப்படுத்தினான். கி.மு. 426 குளிர்காலத்தில் ஏதென்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. தீவில் இருந்த கல்லறைகள் அனைத்தையும் தோண்டி எடுத்து, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று உத்தரவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணியையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றி ரெனியாவுக்குக் கொண்டு போக வேண்டும். இதைப் பதிவு செய்த தூசிடிடிஸ் ஒரு வரலாற்றாசிரியனின் கண்ணோடு இன்னொன்றையும் குறித்து வைத்தார். தோண்டிய கல்லறைகளில் பாதிக்கு மேல் ஆசியா மைனர் கரையைச் சேர்ந்த கேரியர் என்ற மக்களுடையவை என்று உடன் புதைத்த ஆயுதங்களையும் அடக்க முறையையும் வைத்துக் கண்டுகொண்டார்கள். அன்று ரெனியாவுக்கு மாற்றிப் புதைத்த பொருள்களை இன்று மிக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நான்கு ஆண்டுகள் கழித்து, உயிரோடு இருந்த டெலோஸ் மக்களையே தூய்மை போதாது என்று ஏதென்ஸ் வெளியேற்றியது. டெல்ஃபியின் அருள்வாக்கு கேட்டு, மறு ஆண்டு திரும்பக் கூட்டி வந்தது.

ஒருத்தி பிள்ளை பெற இடம் கேட்டு வந்ததில் தொடங்கிய புனிதம் இது. அந்தப் புனிதத்தின் பெயரால்தான் வலியெடுத்த ஒவ்வொரு பெண்ணையும் படகில் ஏற்றிக் கடல் தாண்ட வைத்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. லெட்டோவுக்குக் கிடைத்த புல்தரையும் மரமும் டெலோஸ் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏதென்ஸின் சட்டமும் இந்தத் தீவுக்குக் கட்டுப்பட்டது. தீசியஸின் நேர்த்திக்கடனுக்காக ஆண்டுதோறும் டெலோஸுக்கு ஒரு புனிதக் கப்பல் போகும். அது போய்த் திரும்பும்வரை நகரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. கி.மு. 399இல் சாக்ரடீஸின் விசாரணைக்கு முந்தின நாள்தான் பூசாரி அந்தக் கப்பலின் பின்புறத்துக்கு மாலை சூட்டியிருந்தார். கப்பல் திரும்பத் தாமதமாக, சாக்ரடீஸ் ஒரு மாதம் போலச் சிறையில் உயிரோடு இருந்தார். கடைசி நாட்களில் நண்பர்களோடு அவர் பேசிய பேச்சு நமக்குக் கிடைத்தது அந்த இடைவெளியால்தான்.

பணத்தையும் விட்டுவிட முடியாது. பாரசீகத்துக்கு எதிராகக் கிரேக்க நகரங்கள் கி.மு. 478இல் அமைத்த கூட்டணியின் கருவூலம் அப்பல்லோவின் பாதுகாப்பில் இங்கேதான் இருந்தது. கி.மு. 454இல் அதை ஏதென்ஸுக்கு எடுத்துப் போனார்கள். பிற்காலத்தில் ரோம் இதை வரியில்லாத் துறைமுகமாக்கியதும் கடையும் கிடங்கும் நிறைந்தன. ஊரார் கையிலிருந்து சாப்பாடு வரும் என்று லெட்டோ சொன்னது பலித்தது, ஆனால் கொடுமையான விதத்தில். ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பக்கூடிய சந்தை இது என்று புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதினார். கி.மு. 88இல் ரோமின் எதிரியான பொன்டஸ் அரசன் மித்ரிடேட்டஸின் படையும், கி.மு. 69இல் கடற்கொள்ளையரும் தாக்கிய பிறகு ஊர் எழவே இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பௌசானியாஸ், கோயில் காவலுக்கு ஏதென்ஸ் அனுப்பும் ஆட்களை எடுத்துவிட்டால் இங்கே ஆளே இல்லை என்றார்.

பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 1870களில் தோண்டத் தொடங்கி, இன்றும் வேலை நடக்கிறது. 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பகலில் படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், இரவு தங்கப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. சிங்கங்களின் அசல்கள் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, வெயிலில் நிற்பவை நகல்கள்.

அப்புறம் அந்த மரம். ஒடிசியஸ் கரை ஒதுங்கி இளவரசி நௌசிகாவைப் பார்த்ததும், டெலோஸில் அப்பல்லோவின் பீடத்தருகே ஒருமுறை பார்த்த இளம் பேரீச்சங்கன்றைத்தான் அவளுக்கு உவமை சொல்வான். அதைப் பார்த்து நெடுநேரம் வியந்து நின்றேன் என்பான். அங்கிருந்த புனித ஏரியை மலேரியாவுக்குப் பயந்து 1920களில் வற்ற வைத்துவிட்டார்கள். ஏரி கிடந்த வட்டப் பள்ளத்தைச் சுற்றிச் சிறு சுவர் எழுப்பி, நடுவில் லெட்டோவின் நினைவாக ஒரு பேரீச்ச மரம் நட்டார்கள்.